என்னது அண்ணாச்சியும் வலது சக்கரத்துப் பேரிங்கும்

விருதுநகரில் அந்த நாளில் கார் வைத்திருந்த எல்லோரும் ஒரு தடவையாவது நடுரோட்டில் நின்று வாயால் வெடி வெடித்திருப்பார்கள். வக்கீல், மருந்துக்கடை முதலாளி, பருப்பு மில்காரர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் எல்லோரும் இதில் அடக்கம். அவர்களை அப்படி வெடிக்க வைத்தவர் ஒரே ஒருவர். அவர் ஒரு மெக்கானிக். அவருக்குக் காது கேட்காது.

யார் எதைச் சொன்னாலும் முதலில் "என்னது?" என்று கேட்பார். அதனால் ஊருக்கு அவர் "என்னது அண்ணாச்சி". சாத்தூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் ஒர்க்ஷாப், அதுவேதான் வீடு. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இளவயதில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துப் பார்க்கிற வேலையில் இருந்தார். செய்து வருகிற வெடியில் ஒன்றிரண்டை எடுத்துப் பொட்டலில் வைத்துக் கொளுத்தி, சத்தம் போதுமா போதாதா என்று சொல்ல வேண்டும்.

"சத்தம் பத்தலைன்னு நான் சொல்லச் சொல்ல, மருந்தைக் கூட்டிக்கிட்டே போனாக. கடைசியா வச்ச வெடியில கம்பெனி ஓடு நாலு பறந்துருச்சு. அப்பவும் நான் பத்தலைன்னேன். பெறகுதான் தெரிஞ்சது, வெடி சரியாத்தான் இருந்திருக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவரிடம் ஊர் ஏன் தன் வண்டிச் சத்தங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது என்று கேட்கலாம். காரணம் இருந்தது. மற்ற மெக்கானிக்குகள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்ல, ஓட்டுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். என்னது அண்ணாச்சிக்கு எந்தச் சத்தமும் கேட்காது. அதனால் எந்தச் சத்தத்தையும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

அவர் முறையே தனி. வண்டிக்காரர் இறங்கி எதிரே நிற்க வேண்டும். அண்ணாச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் வாயையே பார்ப்பார். "சத்தத்தைப் போடுங்க மொதலாளி" என்பார். கார் வைத்திருக்கிற எல்லோரும் அவருக்கு மொதலாளிதான். முதலாளி வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். போட்டபின், அது எந்த வெடி என்றும் சொல்ல வேண்டும். சீறினால் பூச்சட்டி. விட்டுவிட்டுத் தட்டினால் பிஜிலி. தொடர்ந்து தட்டினால் சரம். சுற்றிச் சுற்றி இரைந்தால் சங்குச் சக்கரம். வெடியின் பெயர் வந்ததும் அவர் பாகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்.

சப்-இன்ஸ்பெக்டர் தன் ஜீப்பைக் கொண்டுவந்த அன்று எதிர் டீக்கடையில் நான் இருந்தேன். அவர் முதலில் அதிகாரத்துக்குக் குறைவில்லாமல், "டக் டக்" என்றார்.

"என்னது?"

"டக்கு டக்கு டக்கு."

"பிஜிலியா, சரமா? சரியாப் போடுங்க ஐயா. உசுரு போற விசயம்."

டீக்கடையில் அத்தனை பேரும் கிளாசைக் கீழே வைத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தோள் இரண்டும் குலுங்க, "படபடபடபட" என்று மூச்சு தீரும்வரை வெடித்தார்.

"ஆங், சரம். ஆக்சில் போச்சு" என்றார் அண்ணாச்சி.

அதன்பிறகு வெகு நாள் அந்த டீக்கடைப் பக்கம் ரோந்து வரவில்லை.

எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்துவிடக் கூடாது. பருப்பு மில்காரரின் காரில் வளைவில் திரும்பும்போதெல்லாம் ஏதோ உருண்டது. அவர் அதை வாயால் உருட்டிக் காட்டினார். அண்ணாச்சி கியர் பாக்சை இறக்கி, பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, மறுபடி மாட்டிக் கொடுத்தார். உருண்டது உருண்டபடியே இருந்தது. கடைசியில் மில்காரரின் சம்சாரம் பின்சீட்டுக்கு அடியில் கையைவிட்டு ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அண்ணாச்சி அசரவில்லை. "நீங்க சத்தத்தைத் தப்பாப் போட்டீக மொதலாளி. டம்ளர் மாதிரியா போட்டீக?" என்று கோபித்துக்கொண்டார்.

கம்பெனிப் பழக்கம் வேறு அவரை விடவில்லை. மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது அங்கே சட்டம். இவர் காருக்குள்ளும் செருப்போடு ஏற மாட்டார். ரோட்டோரம் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பிய வண்டி எங்கே நின்றுபோனாலும் அங்கிருந்து வெறுங்காலோடு நடந்து வர வேண்டியதுதான். அப்படி ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் ஆமத்தூரிலிருந்து குதித்துக் குதித்து வந்ததைப் பலபேர் பார்த்திருக்கிறார்கள்.

இனி என் கதை. நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தேன். வெடிப் பெட்டி லேபிள்களில் சிவப்பும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அதனதன் இடத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை. வீடு விருதுநகரில். தினமும் ஒரு பழைய சின்னக் காரில் போய் வருவேன். சில வருடங்கள் என் ஒரே மகளும் கூட வந்தாள். அவளுக்கு அதே அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் வரைகிற வேலை. பிறகு அவளுக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். மாசமானபோது பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பேறுகாலம் பார்க்க என் மனைவி அங்கே போனாள். பேரன் பிறந்தான். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும், குப்புற விழட்டும், தவழட்டும் என்று அவள் திரும்பி வருவது தள்ளிக்கொண்டே போனது. நான் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி என்று வீட்டை நடத்திக்கொண்டிருந்தேன்.

காரில் ஒரு சத்தம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. நாற்பது வேகத்தில் மெல்லத் தொடங்கும். அறுபதில் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் முனகும். எப்போது வந்தது என்று சொல்ல முடியவில்லை. பக்கத்துச் சீட்டில் மகள் பேசிக்கொண்டே வந்த வரைக்கும் அது என் காதில் விழுந்திருக்க வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் மனைவி போன் செய்தாள். "பிள்ளைக்கு இருக்கன்குடி ஆத்தா கோயில்ல மொட்டை போடுறதா நேர்ந்திருக்குல்ல, வார வெள்ளிக்கிழமை வாரோம். காரு நல்லா ஓடுதுல்ல?"

"லேசா ஒரு சத்தம் இருக்கு."

"சத்தத்தோட பச்சப்பிள்ளைய ஏத்த மாட்டேன். சரி பண்ணி வைங்க. இல்லைன்னா ஆத்தாட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இங்கனயே ஒரு கோயில்ல மொட்டையப் போட்டுருவோம்."

கார் சரியானால் வீட்டில் ஆள் இருக்கும். சரியாகாவிட்டால் அதே ஒரு தட்டு, ஒரு டம்ளர். அன்று மாலையே அண்ணாச்சியிடம் போனேன்.

"சத்தத்தைப் போடுங்க மொதலாளி."

நான் குரலை உயர்த்திப் பழகாதவன். டீக்கடை வேறு எதிரே. பல்லுக்குள் லேசாக இரைந்து காட்டினேன். "என்னது?" என்றார். கொஞ்சம் கூட்டினேன். மறுபடியும் "என்னது?" வேறு வழியில்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தாடையை நெஞ்சில் ஊன்றி, வயிற்றிலிருந்து "ஊம்ம்ம்" என்று இழுத்தேன்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "இன்னொருக்கா."

"ஊம்ம்ம்."

"நிப்பாட்டாதீக. போட்டுக்கிட்டே இருங்க."

டீக்கடையிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, அவுகளுக்கு மூச்சு முட்டுது, விட்டுருங்க" என்றார். அண்ணாச்சிக்கு அது எட்டவில்லை. அவர் என் வாயைப் பார்க்கவும் இல்லை. என் முகம்தான் சுவர்ப்பக்கம் இருந்ததே. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"சங்குச் சக்கரமா?" என்று அவர் பக்கம் திரும்பி நானே கேட்டேன்.

"வெடியில சேத்தி இல்ல. உறுமி மேளம்" என்றார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். மடியில் ஒரு மஞ்சள் பை. சாத்தூர் ரோட்டில் வண்டி நாற்பதைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். எந்நேரமும் யார் வாயையாவது கூர்ந்து பார்த்துச் சுருங்கியே இருக்கும் முகம், அப்போது சுருக்கம் விட்டுத் தளர்ந்தது. "நியூட்ரல் போடுங்க" என்றார். போட்டேன். முனகல் நிற்கவில்லை. ஆகவே எஞ்சின் இல்லை. "இடது பக்கம் ஒடிங்க." முனகல் கூடியது. "வலது பக்கம்." குறைந்தது.

"இடது பக்கம் ஒடிச்சா பாரமெல்லாம் வலது வீலு மேல போயி விழும். அப்பத்தான் அது கத்துது. முன்னாடி வலது வீலு பேரிங்."

கொட்டகைக்குத் திரும்பியதும் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு உள்ளே இருக்கிற ஸ்பிரிங்மேல் உள்ளங்கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார். கரகரவென்று கையில் ஏறியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. மாற்றிவிடுங்கள் என்று கையால் திருகிக் காட்டினேன்.

"மாத்தலாம், மாத்தலாம். ஆனா டயர் சத்தமாவும் இருக்கலாம்ல. ரோடு மாறுனாத்தான் தெரியும். நாளைக்குச் சிவகாசி ரோட்டுல ஒருக்கா பாத்துருவோம்."

சிவகாசி ரோட்டில் பார்த்தோம். பேரிங்தான். அடுத்து, "சிமெண்ட் ரோட்டுல பாக்கலையே" என்றார். ஒரு தெருவைக் கண்டுபிடித்து அதிலும் பார்த்தோம். பேரிங்தான். திருத்தங்கல் பக்கம் மேடும் பள்ளமுமாக ஒரு ரோடு இருக்கிறது என்றார். நாள் முழுக்க லேபிளில் கண்ணை நட்டுவிட்டு வந்து, சாயங்காலமானால் ஒரு காது கேட்காத மனிதரை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே மஞ்சள் பை, அதே மூடிய கண். பேரிங் விருதுநகரில் நல்லதாகக் கிடைக்கவில்லை, மதுரையில் சொல்லி வைத்திருக்கிறது என்று வேறு சொன்னார்.

மனைவி போனில் கேட்டாள். "பேரிங் மாத்த எம்புட்டு நாளு? இங்கன ஒரு பேறுகாலமே முடிஞ்சிருச்சு. நாளைக்கு டிக்கெட் எடுக்கணும், எடுக்கவா வேண்டாமா?"

"எடு" என்றேன். எடு என்று சொல்லும்போதே பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அச்சங்குளம் ரோட்டில் போனோம். பட்டாசுக் கம்பெனி விட்டு, கையில் அலுமினியத் தூள் மினுங்கப் பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். முனகல் அன்று ரொம்பக் கூடியிருந்தது. கிரீஸ் கருகுகிற வாடை வந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, வலது சக்கரத்தின் நடுவில் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டேன். இந்தச் சக்கரத்தின்மேல் பேரனை எப்படி ஏற்றுவது?

வாழ்க்கையில் முதல்தடவையாக நடுரோட்டில் நின்று, காருக்குள் இருந்தவரைப் பார்த்துக் கத்தினேன். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை பிள்ளை வருது. பேரிங் எப்ப வாங்குவீக?"

"என்னது?"

இன்னும் உயரத்தில் கத்தினேன். "என்னது?" இன்னும் உயரத்தில். குரல் கீச்சென்று கிழிந்தது.

பஸ்ஸுக்கு நின்ற பெண்களில் ஒருத்தி, "ஏன்யா, வயசான மனுசர இப்படிப் போட்டு ஏசுறீக? அவுக என்ன செஞ்சாக உங்கள?" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். தொண்டை கம்மிப் போயிருந்தது. ரோட்டைப் பார்த்தபடி, அவருக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லாமல், அடித்தொண்டையில், "வெள்ளிக்கிழமையாவது வீட்டுக்கு ஆள் வரணும் அண்ணாச்சி" என்றேன்.

"யாரு வாராக?" என்று அவர் கேட்டார்.

என் வாயை அவர் பார்க்கவில்லை. கண்ணைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. நான் குரலை அதே பள்ளத்தில் வைத்துக்கொண்டு, "பேரன். மொட்டை போட" என்றேன்.

"பேரு என்ன?"

"கதிர்."

"எத்தனை பல்லு?"

"ரெண்டு. போன்ல சொன்னாக."

இப்படியே பேசினோம். என் குரல் முழுக்க அந்தப் பேரிங்கின் முனகலில்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, சற்று முன் சண்டை போட்டவர்கள் இப்போது மாறி மாறி உறுமிக்கொண்டிருப்பதாகத் தோன்றியிருக்கும். அந்தப் பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள்.

"நான் பேசறது கேக்குதா அண்ணாச்சி?"

"கேக்குதே" என்றார். அவருக்கே அது புதிதாக இருந்தது. "எல்லாரும் மேல ஏறி மேல ஏறிக் கத்துறாக தம்பி. மேல ஏறுனா புஸ்ஸுனு காத்துதான் வருது. ஒருத்தரும் கீழ எறங்கிப் பேசல. லாரி கேக்கும். உறுமி மேளம் கேக்கும். ரயிலு கெளம்புறது கேக்கும். அதுக யாரும் நம்ம கூட வந்து உக்காராதுல்ல."

அதே குரலில், "பேரிங் எப்ப வாங்குவீக?" என்று கேட்டேன்.

மடியில் இருந்த மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். எண்ணெய்த்தாள் பிரிக்காத புது பேரிங். "மொத நாளே வாங்கியாச்சு."

"பெறகு ஏன் மாட்டல?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "மாட்டிட்டா சத்தம் நின்னுரும்ல" என்றார்.

கோபம் வரவேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. சக்கரம் ஆறும்வரை இருந்துவிட்டு, மாட்டு வண்டி வேகத்தில் ஊர் திரும்பினோம். அந்த வேகத்தில் முனகல் வராது. அவர் கண்ணை மூடவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். அண்ணாச்சி சக்கரத்தைக் கழற்றினார். நடு நட்டு இளகவில்லை. ஸ்பேனரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதித்தார். இளகியது. பழைய பேரிங்கைத் தட்டி எடுக்கப் பித்தளைச் சுத்தியல்தான். இரும்போடு இரும்பு பட்டால் பொறி பறக்கும் என்பது கம்பெனிப் பாடம். சுற்றிலும் ஒரு சிட்டிகை மருந்து இல்லாத இடத்திலும் அவருக்கு அது பாடம்தான். வெளியே வந்த பேரிங்கின் குண்டுகளைத் துடைத்துக் காட்டினார். அம்மை போட்ட முகம்போல் குழிகுழியாக இருந்தன. அதை விரலில் மாட்டி ஒரு சுற்று சுற்றினார். தாடை எலும்பில் வைத்து இன்னொரு சுற்று. பிறகு பழைய இரும்பு கிடந்த டின்னில் போட்டுவிட்டார்.

புதியதில் கிரீஸ் அப்பி, ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொள்ளும் என்று சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினார். நட்டை முறுக்கினார். சக்கரத்தைச் சுழற்றி ஸ்பிரிங்கில் கையை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். ஒன்றுமே இல்லை.

"முடிஞ்சது மொதலாளி" என்றார். தம்பி என்று கூப்பிட்டது போய்விட்டது. "ஓட்டிப் பாத்துக்கோங்க. நான் வந்து என்ன செய்ய, எனக்கு ஒண்ணும் கேக்காது."

நான் குரலை இறக்கினேன். "நாளைக்குப் பிள்ளையோட இருக்கன்குடி போறோம். வழியில சத்தம் வந்தா நான் யாருட்டப் போக?"

"வராது."

"வந்தா?"

யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரயிலில் வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு ரோட்டோரம் நின்றார். முன்சீட்டில் ஏறினார். கார் சத்தமில்லாமல் ஓடியது. முனகல் குறுக்கே இல்லாததால் நான் சொல்வது அவருக்கு இன்னும் துல்லியமாகக் கேட்டது. சாத்தூர் வருவதற்குள் கதிரைப் பற்றி எல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். பின்சீட்டிலிருந்து மனைவி, "உங்க தொண்டைக்கு என்ன ஆச்சு? கசாயம் வச்சுக் குடிக்கலாம்ல" என்றாள்.

கோயிலில் ஒரு சிக்கல். மொட்டைக்குத் தாய்மாமன் மடி வேண்டும். மகளுக்கு உடன்பிறந்தவன் இல்லை. என் அண்ணன் மகன் வந்து உட்காருவதாக ஏற்பாடு. அவன் கம்பெனியில் அன்று லோடு போகிற நாள். வர முடியவில்லை என்று போன் வந்தது. என்ன செய்யலாம் என்று மனைவியும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதிர் அப்போது அண்ணாச்சியின் கையில் இருந்தான். மொட்டை அடிப்பவர் கத்தியைத் தீட்டிவிட்டு நிமிர்ந்து, பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று பார்த்து, எதிரே இருந்த பலகையைக் காட்டினார். அண்ணாச்சி போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அவரைத் திருப்பிக் கூப்பிடக்கூடிய குரல் அங்கே என் ஒருவனிடம்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, பூசுவதற்கு வைத்திருந்த சந்தனத்தைக் கொண்டுபோய் அண்ணாச்சியின் பக்கத்தில் வைத்தாள்.

கத்தி தலையில் பட்டதும் கதிர் வீறிட்டான். கீச்சுக் குரல். ஆற்று மணலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். கடைசி முடி விழும்வரை அவன் நிறுத்தவில்லை. அண்ணாச்சி அவன் உச்சந்தலையையே பார்த்துச் சிரித்தபடி, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சந்தனம் பூசிய தலையை அணைத்துப் பிடித்தபடி, "நல்ல பிள்ளை தம்பி. அழவே இல்ல" என்றார்.

நான் அவருக்கு எட்டுகிற பள்ளத்துக்குக் குரலை இறக்கி, "ஆமா அண்ணாச்சி, அழவே இல்ல" என்றேன்.